மன்றத்தின் குரலும் மக்களின் செவியும்
நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொலைக்காட்சி காட்டுவதன் பயனும் எல்லையும்

மக்களாட்சியில் வாக்காளரின் கடமை வாக்குச் சாவடியோடு முடிந்துவிடுவதில்லை. தாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி மன்றத்தில் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் அளித்தார், வரிப்பணம் எந்தத் துறைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பனவற்றை அறிந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. அந்த அறிவு இல்லாமல் அடுத்த தேர்தலில் அவர் அளிக்கும் தீர்ப்பு முழுமையானதாக இருக்க இயலாது.

1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலின்போது இந்திய வாக்காளர்களின் எண்ணிக்கை சுமார் 17 கோடி. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இது சுமார் 97 கோடியாக உயர்ந்திருந்தது. ஆனால் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் உள்ளவை சில நூறு இருக்கைகளே. எனவே மன்றத்தில் நடப்பதை மிகப் பெரும்பாலான மக்கள் பிறர் வாயிலாகவே அறிய வேண்டியிருந்தது. நெடுங்காலம் அந்தப் பணியை நாளிதழ்களும், வானொலியின் நாடாளுமன்றத் தொகுப்பு நிகழ்ச்சிகளும் செய்து வந்தன. தொகுப்பு என்பது மற்றொருவர் தேர்ந்தெடுத்துத் தருவது. நடவடிக்கைகளை நேரடியாகக் காண்பது வேறு. அந்த வேறுபாட்டைப் போக்கும் கருவியாகத் தொலைக்காட்சி வந்தது. அது எந்த அளவுக்கு வெற்றி பெற்றுள்ளது என்பதும், எங்கே அதன் ஒளி விழாமல் போகிறது என்பதும் ஆராயத் தக்கவை.

சட்டத்தின் அடித்தளம்

மன்ற நடவடிக்கைகளை வெளியிடுவது இயல்பாகவே எல்லோருக்கும் அமைந்த உரிமை அன்று. அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு, உறுப்பினர்களுக்கு மன்றத்தில் பேச்சுரிமை அளிக்கிறது. மன்றத்தின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் அறிக்கைகளுக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு நாளிதழ் தானாகவே நடவடிக்கைகளை அச்சிட்டால் அதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லாதிருந்தது. இக்குறையைப் போக்க மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1956ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. நடவடிக்கைகளைப் பெருமளவு உண்மையாகவும் தீய நோக்கமின்றியும் வெளியிடுவோர் மீது வழக்குத் தொடர இயலாது என்பது அதன் சாரம். நாளிதழ்களுக்கு மட்டுமின்றி வானொலி ஒலிபரப்புக்கும் அச்சட்டம் பொருந்துவதாக இருந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், இச்சட்டம் நீக்கப்பட்டது. 1977இல் மீண்டும் இயற்றப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 361-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, இப்பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே இடம்பெறச் செய்தது. சாதாரணச் சட்டமாக இருந்த ஓர் உரிமை ஒருமுறை பறிபோனதன் படிப்பினையே அதை அரசியலமைப்பின் அரணுக்குள் கொண்டு சேர்த்தது எனலாம். பின்னாளில் தொலைக்காட்சி மன்றத்தினுள் நுழைந்தபோது, அதற்கான சட்டப் பாதை ஏற்கெனவே செப்பனிடப்பட்டிருந்தது.

தயக்கத்தின் காரணங்கள்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. அதன் முதன்மை நோக்கம் கல்வியும் வளர்ச்சியுமே. 1967இல் தில்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களுக்காக வேளாண் நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, விவசாயம், சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. இவ்வளவு தூரம் சென்ற தொலைக்காட்சி, தலைநகரிலேயே இருந்த நாடாளுமன்ற மாளிகைக்குள் நுழைய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இத்தயக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் மக்கள் சபை 1977இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 1979இலும், செனட் சபை 1986இலும் கேமராவை ஏற்றன. பிரிட்டனில் பிரபுக்கள் சபை 1985இல் இசைந்தது. மக்கள் சபையில் 1989 நவம்பரில்தான் கேமரா இயங்கியது. எங்கும் எழுந்த அச்சங்கள் ஏறத்தாழ ஒன்றே. உறுப்பினர்கள் அவையை நோக்கிப் பேசாமல் கேமராவை நோக்கிப் பேசுவார்களோ என்பது ஒன்று. அமளியே காட்சியாகி, மன்றத்தின் மாண்பு குறையுமோ என்பது மற்றொன்று.

கேமரா யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியமே. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கேமராக்கள் சபையின் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. 1984 மே மாதம், அலுவல் முடிந்தபின் சில உறுப்பினர்கள் ஆற்றி வந்த உரைகளின்போது, சபாநாயகரின் ஆணைப்படி கேமரா அவை முழுவதையும் சுற்றிக் காட்டியது. நிறைந்த அவையில் பேசுவதுபோல் தோன்றியவர்கள் வெற்று இருக்கைகளின் முன் பேசுவது வெளிப்பட்டது. பிரிட்டனில் இதற்கு எதிரான போக்கு காணப்பட்டது. அவையில் அமளி எழுந்தால் கேமரா சபாநாயகரை நோக்கித் திரும்ப வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. ஒன்று மிகுதியாகக் காட்டியது. மற்றொன்று குறைவாகக் காட்டியது. எதைக் காட்டுவது என்ற முடிவிலேயே ஒரு கருத்து அடங்கியிருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

படிப்படியான முன்னேற்றம்

இந்தியாவில் 1989 டிசம்பர் 20ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை நேரடியாக ஒளிபரப்பாயிற்று. நாடாளுமன்ற வரலாற்றில் இதுவே முதல் நேரடி ஒளிபரப்பு. 1991 டிசம்பரில் கேள்வி நேரம் பதிவு செய்யப்பட்டு மறுநாள் காலையில் ஒளிபரப்பப்பட்டது. 1992 பிப்ரவரியில் ரயில்வே பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டும் நேரடியாகக் காட்டப்பட்டன. பொருளாதாரச் சீர்திருத்தங்கள் தொடங்கிய காலம் அது. பட்ஜெட் என்பது வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியது என்றிருந்த எண்ணம் மாறி, சாதாரணக் குடும்பங்களும் நிதியமைச்சரின் உரையைக் கேட்கும் வழக்கம் இங்கிருந்தே வேரூன்றியது.

1994இல் மக்களவையின் முழு நடவடிக்கைகளையும் படம்பிடிக்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற மாளிகையில் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் வீச்சு தலைநகரின் ஒரு பகுதிக்கு உள்ளேயே அடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் இரு அவைகளின் கேள்வி நேரமும் வாரத்துக்கு ஓர் அவை என மாறி மாறி நேரடியாக நாடு முழுவதும் காட்டப்படலாயிற்று. 2004 டிசம்பரில் இரு அவைகளுக்கும் தனித்தனிச் செயற்கைக்கோள் அலைவரிசைகள் கிடைத்தன. 2006 ஜூலையில் மக்களவைக்கும், 2011 ஆகஸ்டில் மாநிலங்களவைக்கும் சொந்தத் தொலைக்காட்சிகள் அமைந்தன. 2021 செப்டம்பர் 15ஆம் நாள் இவ்விரண்டும் இணைக்கப்பட்டு சன்சத் தொலைக்காட்சி உருவாயிற்று. கூட்டத் தொடர் நடைபெறும் நாட்களில் இரு அவைகளின் நடவடிக்கைகளும் தனித்தனி அலைவரிசைகளில் காட்டப்படுகின்றன.

பொருளாதார நோக்கில் ஒன்று கருதத் தக்கது. ஒரு கிணற்று நீரை ஒருவர் இறைத்தால் மற்றவருக்கு அந்த அளவு குறையும். ஒளிபரப்பு அத்தகையதன்று. ஆயிரம் பேர் பார்ப்பதற்கும் கோடிப் பேர் பார்ப்பதற்கும் மன்றத்தில் ஆகும் செலவு ஒன்றே. மேலும், விளம்பர வருவாயை நம்பி இயங்கும் நிறுவனம் மானியக் கோரிக்கை விவாதத்தை நாள் முழுவதும் காட்ட முன்வராது. எனவே இத்தகைய சேவையைப் பொதுப் பணத்தில் நடத்துவதே முறை. ஒலி, ஒளி அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும், அவை பொது நலனுக்காகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இங்கு நினைவுகூரத் தக்கது.

கேள்வி நேரத்தைக் காணும் முறை

மன்றத்தின் அலுவல்களில் சாதாரணப் பார்வையாளருக்கு மிகுந்த பயன் தருவது கேள்வி நேரமே. அதன் அமைப்பை அறிந்தால்தான் காட்சியின் பொருள் விளங்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 பட்டியலிடப்படுகின்றன. இவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதிலளிக்க வேண்டும். நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் 230 வரை இருக்கலாம். அவற்றுக்கு எழுத்து மூலம் பதில் தரப்படும். உறுப்பினர்கள் 15 முழு நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

முன்னறிவிப்புப் பெற்ற கேள்விக்கான பதிலை அதிகாரிகள் தயாரித்து அமைச்சரிடம் தந்திருப்பார்கள். அது பெரும்பாலும் அளந்து எழுதப்பட்ட பதிலாகவே இருக்கும். அதன்பின் எழும் துணைக் கேள்விகளே உண்மையான சோதனை. கிராமக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்பது முதற் கேள்வியாயின், செலவிடப்பட்டது எவ்வளவு, எஞ்சிய தொகை ஏன் தேங்கியது, எந்த மாவட்டத்தில் பணி நின்றது என்பன துணைக் கேள்விகளாக வரும். அமைச்சர் தம் துறையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதும், உறுப்பினர் தம் தொகுதியை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதும் அந்தச் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். மறுநாள் நாளிதழில் இரண்டு வரிகளாகச் சுருங்கும் இந்த உரையாடலை முழுமையாகக் காண்பவருக்குக் கிடைக்கும் அறிவு வேறெங்கும் கிடைப்பதன்று.

அமளியால் கேள்வி நேரம் குலைந்தால் பட்டியலிலுள்ள வாய்மொழிப் பதில்களும் எழுத்து மூலப் பதில்களாகவே அவையில் வைக்கப்பட்டவையாகக் கருதப்படும். பதில் கிடைத்துவிடுகிறது, துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு மட்டும் இழக்கப்படுகிறது. மன்றம் ஒத்திவைக்கப்படும்போது பொதுமக்கள் இழப்பது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நீக்கப்பட்ட சொல்லும் தடைப்பட்ட காட்சியும்

அவையில் பேசப்படும் தகாத சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் மக்களவைத் தலைவருக்கு உண்டு. இவ்வாறு நீக்கப்பட்ட பகுதிகளை வெளியிடுவது அவை உரிமை மீறலாகும். பாட்னாவிலிருந்து வெளிவந்த சர்ச்லைட் நாளிதழ் பீகார் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட பகுதிகளை வெளியிட்டது தொடர்பான வழக்கில், 1958 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் அவையின் இந்த அதிகாரத்தை நிலைநிறுத்தியது. அச்சுக் காலத்துக்கு இது பொருத்தமாக இருந்தது. செய்தியாளர் எழுதி முடிப்பதற்குள் நீக்க ஆணை அவரை எட்டிவிடும். நேரடி ஒளிபரப்பிலோ சொல் உதட்டிலிருந்து பிரிந்த அக்கணமே நாடெங்கும் சென்றுவிடுகிறது. குறிப்பேட்டில் அச்சொல் இல்லை. மக்களின் நினைவில் இருக்கிறது. பழைய விதிக்கும் புதிய கருவிக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளி இன்னும் முழுமையாக நிரப்பப்படவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014 பிப்ரவரி 18ஆம் நாள் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதா மக்களவையில் நிறைவேறிய வேளையில் நேரடி ஒளிபரப்பு தடைப்பட்டது. தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று விளக்கம் அளிக்கப்பட்டது; எனினும் எதிர்க்கட்சியினர் ஐயம் எழுப்பினர். ஒரு மாநிலத்தைப் பிரித்துப் புதிய மாநிலத்தை உருவாக்கும் முடிவு அது. அம்மாநிலத்தின் கோடிக்கணக்கான மக்கள் திரையை நோக்கியிருந்த வேளை. காரணம் எதுவாயினும், ஒளிபரப்பு ஒருமுறை வழக்கமாகிவிட்டால் அது நின்று போவதே ஒரு செய்தியாகிவிடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பு கேமரா இல்லாத மன்றத்தை யாரும் குறையாகக் கருதியதில்லை. இன்று திரை சற்று நேரம் இருண்டாலும் மக்கள் கேள்வி எழுப்புகின்றனர். சலுகையாகத் தொடங்கிய ஒன்று உரிமையாக உணரப்படுவதன் அடையாளம் இதுவேயாகும்.

கேமரா காணாத இடங்கள்

திரையில் தெரிவதே மன்றத்தின் முழுப்பணி என்று கொள்வது தவறாகும். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் 17 அமைக்கப்பட்டன. 2004இல் அவை 24 ஆயின. பட்ஜெட் சமர்ப்பிக்கப்பட்டபின் ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் இக்குழுக்களின் ஆய்வுக்குச் செல்கிறது. அதிகாரிகள் நேரில் வந்து விளக்கம் தருகின்றனர். ஒதுக்கீடு செலவாகாமல் திரும்பியது ஏன், திட்டம் காலம் கடந்தது ஏன் என்பன போன்ற வினாக்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பப்படுகின்றன. இக்கூட்டங்கள் ஒளிபரப்பப்படுவதில்லை. மூடிய கதவுகளுக்குள் நடப்பதால்தான் உறுப்பினர்கள் கட்சி நிலைப்பாட்டை மறந்து மனம் விட்டுப் பேசுகின்றனர் என்ற வாதம் வலுவானது. எனினும், அறிக்கை வெளியானபின் அதன் முடிவுகளைக் குடிமக்களுக்கு எளிய முறையில் எடுத்துரைப்பதற்குத் தடை ஏதுமில்லை.

அவையில் மானியக் கோரிக்கைகள் அனைத்தையும் விவாதிக்க நேரம் போதுவதில்லை. குறித்த நாளில், எஞ்சிய கோரிக்கைகள் யாவும் விவாதமின்றி ஒருசேர வாக்கெடுப்புக்கு விடப்படும். சில ஆண்டுகளில், குறிப்பாக 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில், மக்களவையில் எல்லாக் கோரிக்கைகளுமே இவ்வாறு நிறைவேறின. பட்ஜெட் உரையை வீடுதோறும் ஆவலுடன் கேட்கின்றனர். ஆனால் அத்தொகைகளுக்கு மன்றம் ஒப்புதல் அளிக்கும் நாளை அறிந்தவர் சிலரே. உரை என்பது அரசின் கோரிக்கை. வாக்கெடுப்பே மன்றத்தின் முடிவு. பார்வையாளரின் கவனம் முன்னதோடு நின்றுவிடுவது பெருங்குறையாகும்.

அமர்வு நாட்களின் எண்ணிக்கையும் கருதத் தக்கது. 1952 முதல் 1957 வரையிலான முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரையிலான 17ஆவது மக்களவை கூடிய நாட்கள் 274. முன்னதைக் காண ஒரு கேமராவும் இல்லை. பின்னதை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் காண முடிந்தது. ஒளிபரப்பு விரிந்துகொண்டே வந்த காலத்தில், ஒளிபரப்புவதற்குரிய நாட்கள் குறைந்துகொண்டே வந்துள்ளன. கேமரா மன்றத்தைக் காட்ட இயலும். மன்றத்தைக் கூட்ட இயலாது.

மொழியும் விளக்கமும்

காண்பதும் கேட்பதும் மட்டுமே அறிவாகிவிடா. மொழி புரிய வேண்டும். அரசியலமைப்பின் 120ஆவது பிரிவின்படி நாடாளுமன்ற அலுவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகின்றன. அவற்றில் போதிய பயிற்சி இல்லாத உறுப்பினர் அவைத் தலைவரின் அனுமதியுடன் தாய்மொழியில் பேசலாம். தமிழ் உள்ளிட்ட 10 பிற மொழிகளில் உடனடி மொழிபெயர்ப்பு வசதி இருந்த நிலையில், போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, சமஸ்கிருதம், உருது ஆகிய 6 மொழிகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டதாக 2025 பிப்ரவரியில் மக்களவைத் தலைவர் அறிவித்தார். அவையினுள் உறுப்பினரின் செவிக்கு எட்டும் இந்த மொழிபெயர்ப்பு, வீட்டில் அமர்ந்திருக்கும் பார்வையாளரையும் முறையாக எட்டுமானால் அதன் பயன் பன்மடங்காகும்.

மொழிக்கு அடுத்த தேவை விளக்கம். வெட்டுத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், துணை மானியக் கோரிக்கை என்ற சொற்களின் பொருள் தெரியாதவருக்கு மணிக்கணக்கான ஒளிபரப்பும் வெறும் ஓசையே. செயற்கைக்கோள் சோதனைக் காலத்தில் ஒடியா, தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் கிராம மக்களுக்கென்றே நிகழ்ச்சிகள் தயாரிக்கப்பட்டன. விதை நேர்த்தியை விளக்கிய அதே பொறுமையோடு மானியக் கோரிக்கையையும் விளக்க இயலும். பள்ளி, கல்லூரி மாணவர்களும், ஊராட்சி உறுப்பினர்களும், மகளிர் குழுக்களும் ஒரு கேள்வி நேரத்தைச் சேர்ந்து கண்டு, அதன்பின் தங்கள் ஊரின் திட்டங்களோடு ஒப்பிட்டு உரையாடினால், ஒளிபரப்பு உண்மையான குடிமைக் கல்வியாக மாறும்.

நீதித்துறையிலும் இதே வழி திறந்துள்ளது. பொது முக்கியத்துவம் வாய்ந்த வழக்குகளின் விசாரணையை நேரடியாகக் காட்டலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியலமைப்பு அமர்வின் விசாரணைகள் பொதுமக்கள் காணும்படி ஒளிபரப்பப்பட்டன. சட்டம் இயற்றும் மன்றமும் அதற்குப் பொருள் காணும் மன்றமும் மக்களின் பார்வைக்கு வந்துள்ளமை வரவேற்கத் தக்கது.

1956இல் ஒரு தனி உறுப்பினரின் மசோதாவில் தொடங்கிய பாதை இன்று கோடிக்கணக்கான இல்லங்களை எட்டியுள்ளது. மன்றத்தின் கதவைத் திறந்து வைப்பது அரசின் கடமை. அது பெருமளவு நிறைவேறியுள்ளது. திறந்த கதவின் வழியே பார்ப்பதும், அமளி நடந்த நாளை மட்டுமின்றி அமைதியாக ஒரு துணைக் கேள்வி எழுப்பப்பட்ட நாளையும் நினைவில் கொள்வதும் குடிமக்களின் கடமை. தம் ஊர்க் குடிநீர்த் திட்டத்துக்காக மன்றத்தில் எழுந்து நின்றவர் யார் என்பதை அறிந்து வாக்களிக்கும் வாக்காளரே இந்த ஒளிபரப்பின் பயனை முழுமையாகப் பெற்றவர் ஆவார்.